ஒற்றைப் பல்

சென்ற வாரம் என் மாணவி ஒரு சுவடியின் நகலைக் கொண்டுவந்து தந்தாள். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உறங்காதிருந்த இரவில், பல ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு பல்லின் கதை நினைவுக்கு வந்தது.

1917இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஹரால்ட் குக் என்பவர் தேய்ந்த பல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1922இல் அது அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்னிடம் சென்றது. அமெரிக்க மண்ணில் கிடைத்த முதல் மனிதக்குரங்கு என்று அறிவித்து, ‘ஹெஸ்பெரோபிதிகஸ்’ எனப் பெயரும் சூட்டினார் அவர். அதே ஆண்டு லண்டன் பத்திரிகையொன்று அப்பல்லுக்கு உரியவர்களாக ஓர் ஆணையும் பெண்ணையும் வரைந்து வெளியிட்டது.

1925இல் அவ்விடத்தை மேலும் அகழத் தொடங்கியபோது உண்மை வெளிப்பட்டது. அப்பல் ‘ப்ரோஸ்தெனாப்ஸ்’ எனும் விலங்கினுடையது. அமெரிக்கக் கண்டங்களில் இன்றும் வாழும், பன்றியை ஒத்த பெக்கரிகளுக்கு அது அழிந்துபோன உறவு. இதில் வேடிக்கை ஒன்றுண்டு. அப்பகுதியின் பெக்கரிப் பற்களை மனிதக்குரங்கின் பற்களாகப் பிறழ உணரக்கூடும் என்று 1909லேயே எழுதிய இருவரில் ஒருவர் அதே குக்தான்!

1927இல் வில்லியம் கிங் கிரிகரி ‘சயின்ஸ்’ இதழில் பிழையை அறிவித்தார். முன்பு அந்தப் பல்லை ஆதரித்து எழுதியவர்களுள் அவரும் ஒருவர்.

என் கதைக்கு வருகிறேன். ஆய்வு மாணவனாயிருந்த நாளில் எனக்கு ஒற்றை ஏடொன்று கிடைத்தது. அதில் ‘பாவை’ என்ற சொல்லைக் கண்டு, மறைந்துபோன நோன்புப் பாடல் மரபொன்றை நிறுவிக் கட்டுரை எழுதினேன். பாராட்டுகள் வந்தன. இருபது ஆண்டுகளாக வகுப்பிலும் அதையே சொல்லி வந்தேன். ஏட்டெழுத்தில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடில்லை என்று முதல் வகுப்பிலேயே கற்பிப்பவன் நான்.

மாணவி கொணர்ந்தது அந்த ஏட்டின் மற்ற ஏடுகளை. வலையும் தோணியும் உப்பங்காற்றும் நிறைந்த பாடல்கள். “ஐயா, இது ‘பரவை’யாக இருக்குமோ?” என்று தயங்கிக் கேட்டாள். “பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டேன். பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அப்படிச் சொன்னதுதான் அன்றிரவு உறங்கவிடவில்லை.

என் கட்டுரையை வெளியிட்ட சிற்றிதழ் நின்று வெகுகாலமாகிறது. மறுப்பை அனுப்ப முகவரி இல்லை. எனவே இங்கே பதிவு செய்கிறேன்: அச்சொல் பாவை அன்று, பரவை, கடல். அதைக் கண்டவள் என் மாணவி. நாளை வகுப்பில் அவள் முன்னிலையிலேயே இதைச் சொல்லவேண்டும்.