கொஞ்சும் முன் கை கழுவுங்கள்!

என் ஆறு மாதப் பேத்தி மூச்சிரைப்புடன் குழந்தைகள் வார்டில் ஐந்து நாள் இருந்தாள். 'ஆர்.எஸ்.வி.' என்கிற வைரஸாம். நமக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோவது, கைக்குழந்தைக்கு நுரையீரலின் சின்னக் குழாய்களையே அடைத்துவிடும். அடுத்த கட்டிலில் இருதயக் கோளாறுள்ள மூன்று மாதக் குழந்தை. அதற்கு ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

"இதிலே காற்றைவிடக் கைக்குத்தான் அதிகம் பயப்படணும்மா" என்றார் டாக்டரம்மா. அமெரிக்காவில் டாக்டர் கரோலின் ஹால் 1981-ல் வெளியிட்ட ஆராய்ச்சியையும் சொன்னார். நோயுற்ற குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்குத் தொற்றியது. குழந்தையைத் தொடாமல், சளி பட்ட இடங்களைத் தொட்டுவிட்டுத் தங்கள் கண், மூக்கைத் தேய்த்துக்கொண்ட 10 பேரில் 4 பேருக்கு வந்தது. ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்குமில்லை!

நம்மவர்களோ, பார்க்க வந்தால் கட்டில் கட்டிலாகப் போய்க் கன்னத்தைக் கிள்ளாமல் திரும்பமாட்டார்கள். என் நாத்தனாரிடம் சோப்பை நீட்டினேன். "தம்பி பேத்தியைத் தொட எனக்கு சோப்பா?" என்று முகம் வாடினார். அடுத்த கட்டில் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். பேசாமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

தாய்மார்களே, மூக்கைத் துடைத்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவுங்கள். கிலுகிலுப்பையை அடுத்த குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜலதோஷம் பிடித்த உறவினரை, "குணமானதும் வீட்டுக்கே வாங்க" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.