டிக்கெட்டில் ஒன்றே முக்கால் மணி நேரம்

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அரை ஏக்கர் குண்டுமல்லியும் ஒரு ஏக்கர் மணிலாவும் வைத்திருந்த விவசாயி ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு இறந்துபோனார். ஒரே மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்.

நள்ளிரவுக்குள் டிக்கெட் எடுத்து செல்போனில் அனுப்பிவிட்டான். சிங்கப்பூரில் காலை 8.00 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 9.45-க்கு இறக்கம். ‘ஒன்றே முக்கால் மணி நேரம்தானே’ என்றார்கள் பங்காளிகள். “பன்னண்டு மணிக்குள்ள எடுத்துடலாம்” என்று மேளத்துக்கும் சொல்லியனுப்பினார் இறந்தவரின் அண்ணன்.

அழுதுகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “பூவுக்குக் கணக்கு போடுற மாதிரி போடுங்க மாமா. திருவண்ணாமலைக்கு பஸ்ல முக்கா மணி நேரம்தான். ஆனா, ராத்திரி மூணு மணிக்குப் பறிக்கப் போனாத்தான் ஏழு மணிக்குத் தராசுல ஏறுது.”

பிளஸ் டூ படிக்கும் உறவுக்காரப் பெண் நோட்டை எடுத்து எழுதினாள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரம். இறங்கும் நேரம் நம் ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அங்கே காலை 8.00 என்றால் இங்கே 5.30. சென்னைக்கு வான்வழியில் சுமார் 2,900 கி.மீ; பறக்க நாலே கால் மணி நேரம். இதே விமானம் சென்னையில் காலை 8.00 மணிக்குக் கிளம்பினால், சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மதியம் 2.45 ஆகியிருக்கும். கடிகாரம்தான் மாறுகிறது, தூரம் மாறவில்லை.

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும் என்பதால், நம் நேரம் இரவு இரண்டு மணிக்கே அவன் அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். சென்னையில் இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாகக் காரில் மூன்றரை மணி நேரம். பிறகு கிளைச்சாலை. மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். அதில் வானத்தில் போவது நாலே கால் மணி நேரம்தான்.

“ரெண்டரைக்கு முன்னாடி வர முடியாது பெரியப்பா” என்றாள்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஐஸ் பெட்டிக்காரரிடம், “சாயந்திரம் வரைக்கும் இருக்கட்டும்” என்றார்.

மகன் 2.40-க்கு வந்தான். நாலு மணிக்கு எடுத்தார்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், இந்தக் கணக்கை நல்ல நாளிலேயே போட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணக் கூடாது. அறைக் கதவிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ண வேண்டும்.