இரு பெயர் கொண்ட ஆறு

விடைத்தாள்களில் சிவப்பு மையால் கோடிழுத்துப் பழகிய கை நம்முடையது. பிறர் எழுத்தில் பிழை காண்பது அக்கைக்கு எளிது. தான் இழுத்த கோடே பிழையாதல் கூடும் என்பதை அது எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. சென்ற ரமலான் விடுமுறையில் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் துறையில் இளங்கலை பயின்று, பின்னர்ப் புவியியலில் நாட்டம் கொண்ட பழைய மாணவர் ஒருவர், கலைக்களஞ்சியப் பணி ஒன்றுக்காகத் தாம் எழுதிய கட்டுரையோடு ஒருநாள் மாலை, அஸர் தொழுகை முடிந்தபின் நம் இல்லத்திற்கு வந்தார். கட்டுரையின் பொருள், சாண்டா எலெனா பள்ளத்தாக்கு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திற்கும் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்திற்கும் இடையே எல்லையாக ஓடும் ஆறு, சுண்ணாம்புப் பாறையைக் காலங்காலமாக அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பிளவு அது. "தமிழ் நடையை மட்டும் பார்த்துக் கொடுங்கள், ஐயா" என்றார். நாம் நடையோடு நின்றோமில்லை.

பாறைச் சுவர்களின் உயரம் 1,500 மீட்டர் என்று எழுதியிருந்தார். அகராதிகளோடு உலகப் படநூலும் அடுக்கியிருக்கும் வீடு நம்முடையது. ஒப்பு நோக்கியதில் அது 1,500 அடி என்று தெரிந்தது. அஃதாவது ஏறத்தாழ 457 மீட்டர். ஒரு சொல் மாறியதில் மலை மும்மடங்கு வளர்ந்துவிட்டது! அடுத்து, 'ரியோ கிராண்டே ஆறு' என்றிருந்தது. ஸ்பானிய மொழியில் 'ரியோ' என்றாலே ஆறுதான். 'நடுசென்டர்' என்று பேசுவதை வகுப்பில் நகையாடும் நாம் இதை விடுவோமா? கோடிழுத்தோம். மூன்றாம் பக்கத்தில் 'ரியோ பிராவோவின் வெள்ளம்' என்றொரு தொடர் கண்ணில் பட்டது. இதற்குமுன் அப்பெயர் எங்கும் வரவில்லை. வேறோர் ஆற்றின் பெயர் கவனக்குறைவாகப் புகுந்துவிட்டது என்று முடிவு செய்து அத்தொடரையே நீக்கினோம். ஓரத்தில், 'பொருளறிந்து எழுதுக' என்றும் எழுதிவைத்தோம். அவ்விரு சொற்களை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

மறுவாரம் வந்தவர் வாதிடவில்லை. மெக்சிகோவில் அச்சான நிலப்படம் ஒன்றின் படியை விரித்து, ஆற்றின் மேல் விரல் வைத்தார். அங்கே 'ரியோ கிராண்டே' என்ற பெயரே இல்லை. 'ரியோ பிராவோ டெல் நோர்ட்டே' என்றிருந்தது. வடகரையார் 'பேராறு' என்று வழங்கும் அதே நீரைத் தென்கரையார் 'சீற்றமுடைய வடபுலத்து ஆறு' என்னும் பொருள்பட வழங்குகின்றனர். அவர் பொருளறிந்தே எழுதியிருந்தார், அறியாதவர் நாமே. பிழை அவரிடமும் சிறிது உண்டு: இரு பெயரையும் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்திருக்க வேண்டும். அதைச் சொன்னபோது, "எல்லார்க்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன், ஐயா" என்றார். நமக்குத் தெரியவில்லையே, தம்பி, என்றோம். இருவரும் சிரித்தோம். ஓரத்தில் எழுதியதை அவர் முன்னிலையிலேயே அடித்தோம்.

அதன்பின் கட்டுரையை முதலிலிருந்து மீண்டும் படித்தோம், இம்முறை கையில் எழுதுகோல் இல்லாமல். அப்போதுதான் பெரிய குறை புலப்பட்டது. கட்டுரை முழுவதும் வடகரையில் நின்றே எழுதப்பட்டிருந்தது. 1944இல் அமைந்த பிக் பெண்ட் தேசியப் பூங்காவைப் பற்றி ஒரு பக்கம். எதிர்க்கரையில் மெக்சிகோ அரசு 1994இல் அறிவித்த பாதுகாப்புப் பகுதிக்கு ஒரு வரியும் இல்லை. ஆறு அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பிறக்கிறது என்றிருந்தது, அது மெய்யே. ஆயினும் வரும் வழியில் வேளாண்மைக்கே அந்நீரின் பெரும்பகுதி செலவாகிவிட, மெலிந்து வரும் ஆற்றுக்கு ஒகினாகா அருகே உயிரூட்டுவது மெக்சிகோவின் மலைகளிலிருந்து வரும் கோஞ்சோஸ் ஆறுதான். பள்ளத்தாக்கினுள் ஓடும் நீரில் பெரும்பங்கு தென்கரை நாட்டுக் கொடை. 1899இல் ராபர்ட் ஹில் என்னும் நிலவியலறிஞர் படகுகளில் இவ்வழியே சென்றதை, 'பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தார்' என்று எழுதியிருந்தார். அதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வாற்றங்கரைகளில் மக்கள் வாழ்ந்திருக்க, கண்டுபிடித்தல் ஏது? 'ஆய்ந்து எழுதினார்' என்று மாற்றச் சொன்னோம், உடனே இசைந்தார்.

எல்லை பற்றிய பகுதியே எங்களை நெடுநேரம் இருத்தி வைத்தது. 1848ஆம் ஆண்டின் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கை, ஆற்றின் நடுவே எல்லை செல்லும் என்றும், கிளைகள் பலவாயின் ஆழமான கிளையைப் பின்பற்றும் என்றும் வகுத்தது. ஆறோ உடன்படிக்கைகளைப் படிப்பதில்லை. எல் பாசோ நகரருகே 19ஆம் நூற்றாண்டில் அது தெற்கே நகர, இடையில் அகப்பட்ட சமிசால் என்னும் நிலம் யாருக்குரியது என்ற வழக்கு 1963இல்தான் உடன்பாடு கண்டது. 1970ஆம் ஆண்டின் உடன்படிக்கையோ, கிளைகள் பிரியுமிடத்து ஆழத்தை விட்டு அகலத்தை அளவுகோலாக்கியது. கட்டுரை 1848உடன் நின்றுவிட்டிருந்தது, பின்னதையும் சேர்த்தோம். சாண்டா எலெனாவில் இச்சிக்கல் எழ இடமில்லை. இருபுறமும் கற்சுவர் நிற்க, ஆறு எங்கே நகரும்?

ஆனால் மனிதர் நகர்ந்தனர். பள்ளத்தாக்கின் கீழ்ப்புறம், தென்கரையிலுள்ள சாண்டா எலெனா சிற்றூருக்கு வடகரையிலிருந்து சிறு படகில் சென்று உணவருந்தித் திரும்புவது வழக்கமாயிருந்தது. 2001ஆம் ஆண்டு நியூயார்க் தாக்குதலுக்குப் பின், 2002இல் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. கட்டுரையில் 'மக்கள் படகில் கடக்கின்றனர்' என்று நிகழ்காலத்தில் இருந்தது. 'கடந்தனர்' என்று திருத்தினோம். வினைமுற்றில் மாறியவை சில எழுத்துகளே; எழுதி முடித்தபின் இருவரும் சற்றுநேரம் பேசவில்லை.

கலைச்சொல் ஒன்றில் மட்டும் நாம் தோற்றோம். மலைப்பிளவுக்குச் சங்கச் சான்றோர் ஆண்ட 'விடர்' என்னும் சொல்லைத் தலைப்பில் இடலாம் என்றோம். "தேடுகிற பிள்ளைக்கு அது கிடைக்காதே, ஐயா" என்றார். பள்ளத்தாக்கு என்பதே நிலைத்தது. விடர் கட்டுரையினுள் ஒருமுறை இடம்பெற்றது. அதுவும் நம் மனம் நோகாதிருக்க அவர் செய்த சலுகை என்றே எண்ணுகிறோம்.

இறுதியாகப் படக்குறிப்பு. பள்ளத்தாக்கின் வாயிலில் நின்று உட்புறம் நோக்கி எடுத்த நிழற்படம் அது. 'அமெரிக்காவின் எழில்மிகு பள்ளத்தாக்கு' என்றிருந்ததை அவரே அடித்துவிட்டு, நம் மேசையிலிருந்த சிவப்பு எழுதுகோலை எடுத்து இப்படி எழுதினார்: 'இடப்புறச் சுவர் மெக்சிகோ. வலப்புறச் சுவர் அமெரிக்கா. இடையே ரியோ கிராண்டே என்றும் ரியோ பிராவோ என்றும் வழங்கும் ஆறு.'