பாக்கெட் வைத்த நைட்டி

மூன்று மாதத்தில் 43 பேருக்கு எழுதினேன். ஒரே ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அதுவும் அவருடைய மேனேஜரிடமிருந்து: ஒரு ரீலுக்கு 25,000 ரூபாய்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு வாடகை வீட்டில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் நைட்டி தைக்கிறோம். பாக்கெட் வைத்த நைட்டி. ஆறு வருடம் கம்பெனி லைனில் நின்றவள் நான். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்து நைட்டிக்கு மாறினால் போனையும் ரூம் சாவியையும் வைக்க இடமிருக்காது. கையிலேயே பிடித்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கவும் வரிசையில் நிற்கவும் வேண்டும். அந்த எரிச்சலைத்தான் தைத்தேன். இங்கே விற்றது. வெளியூருக்கும் போக வேண்டுமானால் இன்ஸ்டாகிராமில் பெயருள்ள யாராவது போட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள்.

தெரிந்த தம்பி ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன். கடைசி வரி நான் சேர்த்தது: நைட்டி இலவசம், ஒரு வீடியோ போட்டால் போதும்.

பதிலுக்குக் காத்திருப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான், சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2024-ல் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்ட சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள், பதில் போடாத பெண்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 43 பேரில் ஒருத்தி எங்கள் ஊரிலேயே ஹாஸ்டலில் இருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து வீடியோ போடுகிறவள். 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் பிடித்தேன். அவள் போனைத் திறந்து ரிக்வெஸ்ட் பெட்டியைக் காட்டினாள். ஹாய். ஹாய் பேபி. ஏன் பேச மாட்டேங்கிற. முகம் தெரியாத ஆண்கள் அனுப்பிய, சொல்லக் கூசுகிற படங்கள். தள்ளத் தள்ள முடியவில்லை.

"உங்க மெசேஜ் இதுக்குள்ளதான் எங்கயாவது கிடக்கும்க்கா. நான் இதைத் தொறக்கிறதே இல்ல."

பிறகு அவளே கேட்டாள்: "நைட்டி ஃப்ரீயா தரேன், வீடியோ போடுன்னுதானே எழுதியிருப்பீங்க?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஷிப்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக வரச் சொன்ன சூப்பர்வைசரிடம், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று சண்டை போட்டவள் நான். அவளுக்கு ஒரு வீடியோ எடுக்க அரை நாள் தூக்கம் போகிறது. இலவசமாகப் பொருள் வாங்கிப் பேசினாலும் விளம்பரம் என்று போட்டாக வேண்டும்; விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 விதி அது. அதையும் அவள்தான் சொன்னாள். கவுன்சில்கூட அதை வேலை என்று எண்ணியிருக்கிறது.

1,500 ரூபாய் பேசினோம். பாதி முன்பணம். "பக்கத்துத் தெருப் பொண்ணுக்கு எதுக்கு அட்வான்ஸ்?" என்றார் வீட்டுக்காரர். தையல்காரிக்கு என்ன கொடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது தமிழில், நாலு வரிதான் எழுதுகிறேன். தொகை முதல் வரியிலேயே. பிறகு எந்தத் தேதிக்குள் பணம் வரும், என்ன செய்ய வேண்டும், நான் யார். ரிக்வெஸ்ட் பெட்டிக்கு அனுப்புவதில்லை. பக்கத்தில் மெயில் கொடுத்திருந்தால் அதற்கு. அடுத்து எழுதிய 12 பேரில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் முடியாது என்றார்கள். முடியாது என்பதும் பதில்தான். அதற்கே அன்று சந்தோஷமாக இருந்தது.

ஷேர் ஆட்டோப் பெண்ணின் வீடியோ நன்றாக ஓடியது. போனை பாக்கெட்டில் போட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள், அவ்வளவுதான். போன வாரம் அவளே எழுதினாள்: "அடுத்ததுக்கு மூவாயிரம் வேணும்க்கா."

இரண்டு நாளாகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.