மெல்ல ஊதினால் போதும்

இளங்குருமட நாள்களில் ரெக்கார்டர் என்னும் மேனாட்டுக் குழல் நமக்கு ஓரளவு வசப்பட்டிருந்தது. குருப்பட்டம் பெற்றபின் அது பெட்டிக்குள் போயிற்று. திருப்பலி, கட்டடப் பணி, கூட்டங்கள் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சென்ற தவக்காலத்தில் பழைய மறையுரைக் குறிப்புகளைத் தேடியபோது அக்குழல் மீண்டும் கைக்கு வந்தது.

முன்புறம் ஏழு துளைகள். பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. பார்வைக்கு எளிய கருவிதான். ஆயினும் நாம் ஊதியபோது எழுந்தது இசையன்று, கீச்சொலி. எல்லாத் துளைகளையும் மூடி எழுப்பும் அடிச்சுரம் வரவே இல்லை. வராதபோதெல்லாம் இன்னும் பலமாக ஊதினோம். கீச்சொலியே பெருகிற்று.

பாடற்குழுச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் இக்குழல் பயில்பவள், வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சாமி, ரொம்ப வேகமா ஊதுறீங்க. கண்ணாடியில ஆவி படிய ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க.”

கற்பித்தே பழகிய நமக்கு அச்சொல் உறுத்தியது. அவள் சென்றபின் கதவைச் சாத்திக்கொண்டு அவ்வாறே ஊதினோம். அடிச்சுரம் வந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சில வாரங்களுக்கு முன் பங்குப் பேரவையில், கணக்கைப் பற்றி வினவிய முதியவர் ஒருவர்மீது எல்லாரும் கேட்கச் சீறியிருந்தோம். அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். பின்னர்க் கூட்டத்திற்கு வரவில்லை. ஓரேபு மலையில் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் காணாத ஆண்டவரை, எலியா மெல்லிய ஒலியில் உணர்ந்ததை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம், உரத்த குரலில்!

மறுநாள் மாலை அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். காப்பி தந்தார், அதிகம் பேசவில்லை. பேரவைக்கு அவர் இன்னும் திரும்பவில்லை. கோவில் முற்றத்தில் கண்டால் நின்று நலம் வினவுகிறார். அவசரப்படுத்த நமக்கு உரிமையில்லை.

ரெக்கார்டர் என்னும் பெயரின் வேர், நினைவுகூர்தலைக் குறிக்கும் ‘ரெக்கொர்தாரி’ என்ற இலத்தீன் சொல்லாகும். அதனுள் ‘கொர்’, அதாவது இதயம், உறைகிறது. குருமடத்தில் இலத்தீன் பயின்றபோது இது வெறும் இலக்கணமாகத் தோன்றியது.

மேற்சுரங்களுக்குப் பின்துளையைச் சிறிதளவே திறக்க வேண்டும். அது நமக்கு இன்னும் கைகூடவில்லை. சனிக்கிழமைதோறும் சிறுமி வந்து திருத்துகிறாள். நாமும் மாணவராய் அமர்ந்து கேட்கிறோம்.