ரெண்டு பேட்டரி... ஒரு குமிழ்!

காசிமேடு என்றால் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்குகிற இடம் என்று மட்டும் நினைத்திருந்தால், நீங்கள் பாதி காசிமேட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். மீதிப் பாதியைப் பார்க்க, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ராயபுரம் பக்கம் போக வேண்டும். லாஞ்சுகள் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். மீன் வாசனை கொஞ்சம் லீவில் போயிருக்கும். பதிலுக்கு பெயின்ட், டீசல், வெல்டிங் வாசனை டியூட்டி பார்க்கும்!

கொஞ்சம் வடக்கே போனால் எண்ணூர். 1948-ல் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய அசோக் லேலண்ட். லாரிக்குப் பேர்போன அந்தக் கம்பெனி கடலுக்கும் இன்ஜின் செய்திருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். லாரி ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாலு பேர் இறங்கித் தள்ளலாம். லாஞ்சு ஸ்டார்ட் ஆகாவிட்டால்..? யார் சார் இறங்குவது!

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிக்கும். பழைய ரக இன்ஜின் ஒரு தரம் ஓட ஆரம்பித்துவிட்டால் கரன்ட்டே கேட்காது. ஆனால் அந்த முதல் சுற்று இருக்கிறதே, அதற்கு செல்ஃப் மோட்டார் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை உறிஞ்சிவிடும். அப்புறம் பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டர் (நம்மாட்கள் பாஷையில் 'டைனமோ') செலவானதைத் திருப்பிக் கட்டும்.

சிக்கல் ராத்திரியில். நங்கூரம் போட்டு இன்ஜினை நிறுத்தியாயிற்று. லைட், வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். விடிந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

"இன்ஜினுக்குத் தனி, லைட்டுக்குத் தனி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா, ராத்திரி பாட்டு கேட்டவன் காலையில அழுவான் சார்!" என்றார் ஒரு மெக்கானிக், கை கிரீஸைத் துடைத்தபடி.

இதற்கென்றே ஒரு குமிழ் உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-ல் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. காற்றை நம்பும் பாய்மரப் படகும் தூரப் பயணம் போவதென்றால் ஒரு சின்ன டீசல் இன்ஜினை வைத்துக்கொள்ளும். அந்த மாதிரிப் படகுகளில் இந்தக் குமிழ் சகஜம். நாலே நிலை: 'ஒன்று', 'இரண்டு', 'இரண்டும்', 'ஆஃப்'. ஸ்டார்ட் செய்ய ஒன்று. இன்ஜின் ஓடும்போது இரண்டும், அப்போதுதான் இரு பேட்டரியும் சார்ஜ் ஆகும். இன்ஜினை நிறுத்தியதும் இரண்டு. நம் ஆபீஸ் கணக்கில் சொன்னால், ஒன்று பி.எஃப்., இரண்டு மாதச் சம்பளம். சம்பளம் தீரலாம். பி.எஃப்-பில் கை வைக்கக் கூடாது!

மறந்துபோய் ராத்திரி முழுக்க 'இரண்டும்' நிலையில் விட்டால் இரண்டும் காலி. இன்ஜின் ஓடும்போது 'ஆஃப்' பக்கம் திருப்பினால் இன்னும் மோசம். ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறி, உள்ளே இருக்கும் டயோடுகள் கருகிவிடும்.

ஒரு சின்ன மீட்டர் போதும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் வயிறு நிரம்பியிருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டப் பட்டினி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அடுத்து, உப்புக் காற்றில் பூத்துப்போன டெர்மினலைச் சுரண்டி வாசலைன் தடவுங்கள்.

பேட்டரி செத்தால் இன்ஜின் மட்டும் நிற்பதில்லை. ஆபத்துக்குக் கூப்பிடும் வயர்லெஸ் சேனல் 16-ம் ஊமையாகிவிடும். கடலோரக் காவல் படையின் 1554 என்ற நம்பர் மனப்பாடமாக இருக்கலாம். ஆனால் நடுக்கடலில் செல்போனுக்கு ஏது டவர்? அதனால்தான் இந்த 61 நாளில் பெயின்ட் அடிக்கிறார்களோ இல்லையோ, பேட்டரி கடைகளில் மட்டும் கூட்டம் குறைவதில்லை!