த்ராட்டில் பாடிக்கு எதற்கு வெந்நீர்

ஜனவரி 5
கல்லூரித் தம்பி ஒருவர் அவருடைய அப்பாவின் பழைய லான்சரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். 1.5 லிட்டர் பெட்ரோல், திருவள்ளூர் ஆலையில் உருவான வண்டி. "த்ராட்டில் பாடிக்குப் போற ரெண்டு கூலன்ட் ஓஸையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு சேத்துவிட்டுருங்ணா. காத்து சூடாகாம உள்ள போனா பவர் ஏறும்" என்கிறார். வாதம் தப்பில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எஞ்சினைச் சுற்றிவரும் நீரோ 85, 90 டிகிரியில் இருக்கிறது. எவ்வளவு ஏறும் என்பதுதான் கேள்வி. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 6
மதியம் வேலை குறைவு. அந்த வெந்நீர் அங்கே ஏன் போகிறது என்று பட்டறைப் பையன்களுக்குச் சொன்னேன். பெடலை லேசாக மிதிக்கும்போது த்ராட்டிலுக்குள் இருக்கும் பட்டர்ஃபிளைத் தகடு ஓர் இடுக்கு அளவுதான் திறக்கிறது. அந்த இடுக்கில் காற்று வேகமெடுத்துப் பாய்கிறது, அழுத்தம் விழுகிறது, கூடவே வெப்பமும் விழுகிறது. வெளியே இரண்டு மூன்று டிகிரிக் குளிரும் ஈரமும் இருந்தால், தகட்டின் விளிம்பில் பனிக்கட்டி படியும். எஞ்சினிலிருந்து திரும்பிவரும் புகையிலும் ஈரம் உண்டு. பனி பிடித்தால் ஐட்லிங்கில் வண்டி அணையும், அல்லது மிதித்த பெடல் திரும்பாது. கார்புரேட்டர் காலத்தில் இது இன்னும் மோசம். பெட்ரோலும் அங்கேயே ஆவியாகிக் குளிரூட்டியதால் வெயில் நாளிலும் பனி கட்டும். சிறிய விமானங்கள் பல அப்படி விழுந்திருக்கின்றன.

ஜனவரி 7
தெர்மோகப்பிள் இரண்டு. ஒன்றை ஃபில்டருக்குப் பின்னால் ரப்பர் குழாயிலும், மற்றதைத் த்ராட்டிலுக்குப் பின்னால் வேக்குவம் முனையிலும் காற்று கசியாமல் பொருத்தினோம். சிக்னலில் நிற்கும்போது வித்தியாசம் எட்டு டிகிரிக்கு மேல். அவிநாசி சாலையில் முழு மிதி மிதித்தபோது ஒரு டிகிரிதான். 6000 சுற்றில் இந்த எஞ்சின் நொடிக்கு 60 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கிறது. த்ராட்டிலின் நீளத்தை அந்தக் காற்று கடக்க இரண்டு மில்லிநொடி போதும். அதற்குள் எவ்வளவுதான் சூடேறும்? ஒரு டிகிரிக்கு அடர்த்தி 0.3 சதவீதம் குறைகிறது. 90 குதிரைத்திறன் எஞ்சினில் அது கால் குதிரை.

ஜனவரி 8
தம்பி கேட்டபடி ஓஸ்களைச் சேர்த்தும் ஓட்டினோம். முழு மிதியில் வித்தியாசம் கருவிக்கே தெரியவில்லை. ஐட்லிங்கிலும் நான்கைந்து டிகிரி நின்றது. த்ராட்டில் பாடி அலுமினியம், மேனிஃபோல்டில் போல்ட் போட்டு இறுக்கியது. நீர் நின்றாலும் உலோகம் வழியே சூடு வருகிறது.

அதைவிட முக்கியமானது ஐட்லிங் வேகம். வண்டி நன்றாகச் சூடான பிறகும் 1500 சுற்றிலேயே நின்றது. இந்த த்ராட்டில் பாடிக்குள் மெழுகு வைத்த ஒரு வால்வு இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்று விடுவதும், வெந்நீர் பட்டு மெழுகு விரிந்ததும் அந்த வழியை அடைப்பதும் அதன் வேலை. வெந்நீரே வராவிட்டால் அது திறந்தே கிடக்கும். மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையிலும் இதே ஏற்பாடுதான். குழாயைப் பிரிப்பதற்கு முன் அதற்கு இன்னொரு வேலை உண்டா என்று பாருங்கள் என்று பையன்களிடம் அடித்துச் சொன்னேன்.

ஜனவரி 9
த்ராட்டிலுக்கு வெந்நீரை விலக்கும் இந்தப் பழக்கத்தைப் பிரபலமாக்கியதில் 1997 கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 எஞ்சினுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் சிலிண்டர் ஹெட்டுகளில் சேரும் ஆவி வெளியேறும் குழாயே த்ராட்டில் பாடி வழியாகத்தான் ரேடியேட்டருக்குப் போகிறது. விவரம் தெரிந்தவர்கள் த்ராட்டிலை மட்டும் விலக்கி, குழாயை நேராக இணைப்பார்கள். முனையை அடைத்தால் ஆவி ஹெட்டிலேயே தங்கி அந்த இடத்தை வேகவைத்துவிடும். இணைப்பதும் அடைப்பதும் ஒன்றென்று நினைப்பவர்களை எண்ணித்தான் எனக்குக் கவலை.

ஜனவரி 10
தம்பி தேடிய பவர் உண்மையில் போன வழி கிடைத்தது. ஃபில்டர் பெட்டிக்கு முன்னால், கிரில் பக்கமிருந்து வெளிக்காற்றை இழுத்துவரும் குழாயைக் காணோம். யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நெரிசலில் வண்டி இழுப்பதெல்லாம் பானட்டுக்குள் 60 டிகிரியில் புழுங்கிய காற்று. வெளிக்காற்று 33. இந்த 27 டிகிரிக்கு அடர்த்தி எட்டு சதவீதம் போகிறது. குழாய்க்குச் சொல்லியாயிற்று.

ஜனவரி 12
தம்பி கணக்கைப் பொறுமையாகப் பார்த்தார். "அப்போ சமவெளில இது தேவையே இல்லீங்களா?" என்றார். நல்ல கேள்வி. கோயம்புத்தூரில் த்ராட்டிலில் பனி கட்டப்போவதில்லை. மெழுகு வால்வு இல்லாத வண்டியென்றால் பிரிப்பதால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. ஆனால் பொங்கலுக்கு இவர் போவது ஊட்டி அம்மாயி வீட்டுக்கு. ஜனவரி விடியலில் அங்கே புல்வெளியெல்லாம் உறைபனி. ஓஸ்களைப் பழையபடி மாட்டச் சம்மதித்தார்.

ஜனவரி 13
பழைய ஓஸ்கள் முனையில் வெடித்திருந்தன. இரண்டும் புதிது, கிளிப்பும் புதிது. கூலன்ட் நிரப்பி, ஹீட்டரைத் திறந்துவைத்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை ஓடவிட்டோம். ஐட்லிங் 750. முன்குழாயும் பொருத்தியாயிற்று. மாலை வண்டியை எடுத்துக்கொண்டார்.